திரையில வர்ற நம்பரை எவ்வளவு தூரம் நம்பலாம்? வாசகர் கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி போன்ல வர்ற நம்பரைப் பத்திதான், அதனால மத்ததை ஓரமா வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: #31# போட்டு நம்பர் அடிச்சா நம்ம நம்பர் தெரியாதுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க. ட்ரை பண்ணேன், கால் போகவே இல்ல. போன்ல கோளாறா?

போன்ல ஒண்ணும் இல்லைங்க. கோடும் நிஜம்தான், வெளிநாட்டுல நிறைய இடத்துல வேலை செய்யும். ஆனா நம்ம ஊர்ல நம்பர் மறைக்கிற வசதியை, அதாவது சிஎல்ஐஆர்னு சொல்றது, சாதாரண கஸ்டமருக்கு கொடுக்கறதில்ல, தனி அனுமதி வேணும். போன் செட்டிங்ஸ்ல ஆப்ஷன் இருக்கும், ஆனா நெட்வொர்க் ஒத்துக்காது. இதைப் பாத்துட்டு நம்பர் மாத்திக் காட்டற ஆப் எதையாவது இறக்கிடாதீங்க, 2023 தொலைத்தொடர்பு சட்டப்படி நம்பரை திரிச்சுக் காட்டறது குற்றம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 50 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பழைய பைக் விக்கறீங்க, ட்யூஷன் விளம்பரம் குடுக்கறீங்க, கண்டவங்களுக்கு நம்பர் போகக்கூடாதுன்னா ரெண்டாவது சிம் ஒண்ணு வாங்கிக்கோங்க, அதான் சுத்தம்.

கேள்வி: பேங்க்ல இருந்து கால், திரையில பேங்க் பேரே வந்துச்சு. அப்புறம் எப்படி அது ஃப்ராடா இருக்கும்? அப்பா 40 ஆயிரம் விட்டுட்டாரு.

ரொம்ப வருத்தமா இருக்குங்க. அப்பாவை திட்டாதீங்க, தெரிஞ்சவங்களே ஏமாறுற விஷயம் இது. முதல்ல சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்பிட்டாச்சா? இல்லன்னா இதை படிக்கறதை நிறுத்திட்டு கூப்பிடுங்க, பணம் அடுத்த அக்கவுண்டுக்கு நகர்றதுக்குள்ள சொன்னாதான் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

இப்ப பேரு எப்படி வந்துச்சுன்னு பாப்போம். தபால் கவர்ல அனுப்புநர் முகவரின்னு ஒண்ணு எழுதுவோம்ல, அதை யாரும் சரிபார்க்கறது இல்ல, நான் கவர்னர் மாளிகைன்னு எழுதி பெட்டில போட்டாலும் கடிதம் போய் சேரும். இன்டர்நெட் வழியா வர்ற கால்ல நம்பரும் கிட்டத்தட்ட அப்படித்தான், அனுப்பறவன் சிஸ்டத்துல எந்த நம்பரை டைப் பண்றானோ அது நடுவுல யாரும் தடுக்கலன்னா அப்படியே உங்க திரைக்கு வந்துடும். உங்க போனும் பாவம், வந்த நம்பர் காண்டாக்ட்ஸ்ல இருக்கான்னு மட்டும்தான் பாக்கும், இருந்தா அந்த பேரை போட்டுடும். அதனாலதான் "அம்மா"ன்னு காட்டி வேற எவனோ பேச முடியுது.

வெளிநாட்டுல இருந்து +91 நம்பர் மாதிரி வேஷம் போட்டு வர்ற காலை நிறுத்த 2024 அக்டோபர் 22ல மத்திய அரசு ஒரு சிஸ்டம் கொண்டு வந்தாங்க, முதல் 24 மணி நேரத்துலயே 1.35 கோடி கால் சிக்குச்சுன்னா எவ்வளவு வந்துட்டு இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா திருடன் வேற வாசலைத் தேடுவான்ல. ஒரு வாடகை ரூம்ல சிம் பாக்ஸ்னு ஒரு பெட்டி, அதுக்குள்ள வரிசையா சிம், வெளிநாட்டுல இருந்து நெட்ல வர்ற கால் அந்த பெட்டில இறங்கி நம்ம ஊர் பத்து இலக்க நம்பரா உங்களுக்கு வரும். இன்னொரு வழி, காலர் ஐடி ஆப்ல பேங்க் பேரையும் லோகோவையும் வச்சு ப்ரொஃபைல் போட்டுக்கறது. உங்க அப்பா விஷயத்துல இதா இருக்கவே வாய்ப்பு அதிகம், போன்லயே ஆப் இருக்கான்னு பாத்துட்டு அதோட ஸ்க்ரீன்ஷாட்டையும் புகார்ல சேருங்க.

இனிமே இப்படி கால் வந்தா கட் பண்ணிட்டு கார்டுக்கு பின்னாடி அச்சடிச்சிருக்க நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. வந்த காலுக்கு திருப்பி அடிக்கிறது வேண்டாம்.

கேள்வி: நான் ட்ரூகாலர் போட்டதே இல்ல, ஆனா ஃப்ரெண்டு போன்ல என் பேரு "ஏசி மெக்கானிக் தம்பி"ன்னு வருது!

நீங்க போடலன்னாலும் உங்க நம்பர் வச்சிருக்கவங்க யாரோ உங்களை அப்படி சேவ் பண்ணியிருக்காங்க, இந்த மாதிரி ஆப்புங்க பேரை பெரும்பாலும் அப்படி மத்தவங்க கிட்ட இருந்துதான் திரட்டுது. அரசாங்க ரெக்கார்டு இல்ல, ஊர் வச்ச பேரு. அவங்க வெப்சைட்லயே நம்பரை எடுக்கச் சொல்ல பக்கம் இருக்கு, நாட்டு கோடோட போடுங்க.

கேள்வி: ராத்திரி 1 மணிக்கு "பிரைவேட் நம்பர்"னு கால் வருது, எடுத்தா பேச மாட்டேங்கறான். ஹாஸ்டல்ல தனியா இருக்கேன். போலீஸ்க்கு போனா கண்டுபிடிப்பாங்களா?

போங்க மா, தயங்காதீங்க. மறைச்ச காலா இருந்தாலும் நம்பர் காலோட சேர்ந்தேதான் வருது, கூடவே "இதை காட்டாதே"ன்னு ஒரு குறி வரும், கடைசி எக்ஸ்சேஞ்ச் அதைப் பாத்துட்டு உங்க திரைக்கு மட்டும் அனுப்பாம விடும். கம்பெனி ரெக்கார்டுல இருக்கும், போலீஸ் முறைப்படி கேட்டா கிடைக்கும். வெளிநாட்டுல இருந்து வந்ததா இருந்தா சில சமயம் வழியிலேயே நம்பர் தொலைஞ்சு போயிருக்கும், அப்ப கொஞ்சம் கஷ்டம். நீங்க செய்ய வேண்டியது, கால் லாக்கை அழிக்காம தேதி, நேரம், எத்தனை செகண்ட்னு தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, ஒரு நோட்லயும் எழுதுங்க. ஐபோன்னா தெரியாத கால் மணி அடிக்காம இருக்க செட்டிங் இருக்கு, ஆண்ட்ராய்டுல நிறைய போன்ல நம்பர் இல்லாத காலை ப்ளாக் பண்ணலாம்.

கேள்வி: கூரியர்னு சொல்லி *401* போட்டு ஒரு நம்பர் அடிக்கச் சொன்னான், அடிச்சுட்டேன்.

உடனே ##002# அடிங்க. உங்க கால் எல்லாம் அவனுக்கு போற மாதிரி நீங்களே திருப்பி விட்டிருக்கீங்க, ஓடிபி போன்ல படிச்சு சொல்ற கால் கூட அவன் காதுக்குத்தான் போகும். 2024 ஏப்ரல் 15ல இருந்து இந்த கோடு மூலமா ஃபார்வர்ட் பண்றதை நிறுத்தச் சொல்லி உத்தரவு இருக்கு, ஆனாலும் கால் செட்டிங்ஸ்ல போய் ஃபார்வர்டிங் எல்லாமே ஆஃப்ல இருக்கான்னு கண்ணால பாத்துடுங்க. அந்த ஓடிபியை வச்சு உங்க வாட்ஸப்பை அவன் திறந்துடக்கூடாதுல்ல, அதனால வாட்ஸப்புக்கு டூ ஸ்டெப் பின்னும் போட்டுடுங்க.

கேள்வி: 140, 1600 என்ன வித்தியாசம்?

140ல ஆரம்பிச்சா விளம்பரம். 1600 பேங்க், அரசாங்கம் மாதிரி இடத்துல இருந்து சேவை விஷயமா பேசறதுக்கு ஒதுக்கினது.

கேள்வி: கூப்பிடறவங்க பேரு சிம் ரெக்கார்டுல இருந்தே வரும்னு சொல்றாங்களே? என் சிம் அப்பா பேர்ல இருக்கு.

ஆமா, அதுக்கு சிஎன்ஏபின்னு பேரு, 2024 பிப்ரவரில தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை பண்ணாங்க. சிம் வாங்கும்போது குடுத்த ஃபார்ம்ல யார் பேரு இருக்கோ அதுதான் எதிர்ல தெரியும், அப்ப நீங்க இன்டர்வியூ விஷயமா கூப்பிட்டா ஹெச்ஆர் திரையில அப்பா பேரு நிக்கும். நம்ம வீடுங்கள்ல மகளுக்கு அப்பா பேர்ல, மனைவிக்கு புருஷன் பேர்ல சிம் இருக்கறது எவ்வளவு சகஜம், அதை மாத்திக்க இதையே ஒரு சாக்கா வச்சுக்கோங்க. உங்க ஆதார், அப்பா ஆதார் ரெண்டையும் எடுத்துட்டு அப்பாவையும் கூட்டிட்டு கம்பெனி ஷோரூமுக்கு போங்க, பேர் மாத்திக்கலாம், நம்பர் அதேதான் இருக்கும்.