பாட்டி வைத்திருந்த காசு என்ன விலை போகும்? – கேள்வி பதில்

கேள்வி: பாட்டியின் சுருக்குப்பையில், நடுவில் ஓட்டையுள்ள 1944ஆம் ஆண்டுக் காலணாக்கள் பதினேழு கிடைத்தன. எண்பது ஆண்டு கடந்த காசு என்பதால் பெரும் விலை போகும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, செம்பை மிச்சப்படுத்துவதற்காக நடுவில் துளையிட்ட இந்தக் காசு 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்டது. ரூபாயில் 64இல் ஒரு பங்கு மதிப்புள்ள அன்றாடச் சில்லறை என்பதால் கோடிக்கணக்கில் வெளிவந்தது. செல்லாத காசானபின் உருக்கப்பட்டவை போக, உங்கள் பாட்டியைப் போல் முடிந்து வைத்தவர்களின் வீடுகளில் இன்றும் ஏராளமாகக் கிடக்கிறது. சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் பொருளுக்கு வயது மட்டும் விலை சேர்ப்பதில்லை. முகடுகள் மழுங்கிய காசு சில பத்து ரூபாயைத் தாண்டுவது அரிது.

இருப்பினும் பதினேழையும் ஒரே விலையில் தள்ளிவிட வேண்டாம். சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் சாய்த்துப் பிடித்து, முதலில் மகுடத்தைப் பாருங்கள்; கைபட்டு முதலில் தேய்வது மேடான பகுதிகளே. மகுடத்தின் நுண்கோடுகளும் மறுபக்க இலை வளையத்தின் வேலைப்பாடும் தெளிவாக இருந்து, அடித்தபோதிருந்த செம்பு மினுமினுப்பும் சற்றே மிஞ்சியிருந்தால், அந்த ஒரு காசு மற்ற பதினாறையும் சேர்த்த விலையைவிட அதிகம் பெறக்கூடும். மகுடத்தின் வடிவம் எல்லாக் காசிலும் ஒன்றல்ல என்பதால், வகை வாரியாகச் சேர்ப்பவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

கேள்வி: அவற்றைப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன். இப்போது பளபளப்பாக உள்ளன. விலை கூடுமா?

பதில்: வருத்தத்துடன் சொல்கிறேன், குறையும். குத்துவிளக்குக்கு நன்மை செய்யும் புளி காசுக்குப் பகை. பல பத்தாண்டுகளில் படிந்த பழுப்பு நிறத்தைச் சேர்ப்பவர்கள் காசின் நேர்மைக்குச் சான்றாகக் கொள்கிறார்கள். அது போனபின் வெளிப்படும் இளஞ்சிவப்பும் தேய்த்த கீறல்களும் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். இனி எதுவும் செய்யாமல் விடுவதே நல்லது.

கேள்வி: 1917, 1942 ஆகிய ஆண்டுகளின் வெள்ளி ரூபாய்கள் என்னிடம் உள்ளன. நகைக்கடையில் இரண்டுக்கும் ஒரே விலை சொன்னார்கள்.

பதில்: அப்படியானால் ஒன்றில் உங்களுக்கு இழப்பு. இரண்டும் தலா ஒரு தோலா எடை, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம், நாட்டு மருத்துவத்தில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று சொல்லிவந்ததும் இதைத்தான். ஆனால் 1917ஆம் ஆண்டு ரூபாயில் 91.7 விழுக்காடு வெள்ளி இருப்பதால் தூய வெள்ளி ஏறத்தாழ 10.69 கிராம் வரும். 1940 முதல் வெள்ளியின் பங்கு 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால், மற்றதில் சுமார் 5.83 கிராம் மட்டுமே. விற்கும் நாளின் வெள்ளி விலையால் இவற்றைப் பெருக்கினால் கிடைப்பது அடிமட்ட விலை. அதற்கு மேல் எவ்வளவு என்பதைத் தேய்மானமே தீர்மானிக்கும். 1939ஆம் ஆண்டு ரூபாய் மட்டும் வேறு கதை. மிக அரிதானது என்பதால், வேறு ஆண்டுக் காசின் எண்ணைச் செதுக்கி ஏமாற்றுவோரும் உண்டு. யாராவது மலிவாக நீட்டினால், கடைசி எண்ணை உருப்பெருக்கியில் பாருங்கள்.

கேள்வி: தாமரை பொறித்த 20 பைசாவில் தங்கம் கலந்துள்ளதாமே?

பதில்: துளியும் இல்லை. 1968 முதல் 1971 வரை வந்த அந்தக் காசு அலுமினிய வெண்கலம். மஞ்சள் நிறம் கிளப்பிய பேச்சு அது.

கேள்வி: வைஷ்ணவ தேவி உருவமுள்ள 5 ரூபாய் நாணயத்தைப் பத்து லட்சத்துக்கு வாங்குவதாக ஒருவர் தொலைபேசியில் கூறி, முன்பணமாக வரி கேட்கிறார்.

பதில்: பணம் அனுப்பாதீர்கள். 2012ஆம் ஆண்டு பொறித்து வந்த அந்த நினைவு நாணயம் புழக்கத்துக்கே விடப்பட்டது. கடைச் சில்லறையில் எனக்கே இருமுறை வந்திருக்கிறது. பழைய நாணயங்களை வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது. வாங்குபவர் விற்பவரிடம் பணம் கேட்பது எந்த ஊர் வியாபாரம்? இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையையும் மதிப்பாகக் கொள்ளாதீர்கள்; ஏலத்தில் அதே நிலையிலுள்ள காசு உண்மையில் விற்றுமுடிந்த விலையே கணக்கு.

கேள்வி: என் ஒரு ரூபாயில் ஆண்டின் கீழ் நட்சத்திரம் உள்ளது. அரிதானதா?

பதில்: அது ஐதராபாத் நாணயச்சாலையின் குறி. மும்பைக்கு வைரவடிவம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியில்லை. குறி இருப்பதால் மட்டும் விலை ஏறாது. குறிப்பிட்ட ஆண்டில் குறிப்பிட்ட நாணயச்சாலையில் குறைவாக அடித்திருந்தால்தான் ஏறும்.

கேள்வி: இராமர் பட்டாபிஷேகம் பொறித்த, 1818ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு ஒன்று உள்ளது. அரிசியை ஈர்க்கும் என்கிறார்கள்.

பதில்: கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் பக்திப் பொருளாகவும் ஏமாற்றுப் பொருளாகவும் வார்க்கப்பட்ட வில்லை அது. பூசையறையில் வைத்துக்கொள்ளலாம், விலை பேச வருபவரை வீட்டுக்குள் விட வேண்டாம்.