வண்டிப் பக்கம்: நுரை வெள்ளையாகும் வரை தேயுங்கள்

(உப்புவெளியில் வாகனம் கழுவும் இடம் நடத்துபவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் டயர் பற்றியவைதான் அதிகம்.)

கேள்வி: ஐயா, என்னிடம் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவி, டயருக்குப் பளபளப்புத் திரவம் அடிப்பேன். உடனே பார்க்கப் புதுக் கார் மாதிரி இருக்கும். கோணேசர் கோவிலுக்கு ஒருமுறை போய் வந்தால் கதவின் கீழ்ப்பக்கமெல்லாம் கறுப்புப் புள்ளி. புதன்கிழமை ஆவதற்குள் டயர் கபில நிறமாகிவிடுகிறது. எந்தக் கொம்பனிப் போத்தல் வாங்கலாம்?
— வாசகர், உவர்மலை

பதில்: புதுப் போத்தல் வேண்டாம் தம்பி, வீட்டில் இருப்பதே போதும். குறை அதற்கு முந்திய வேலையில் இருக்கிறது. கடிதத்தைப் பார்த்தால் காரைக் கழுவுகிறீர்கள், டயரை வெறுமனே நனைக்கிறீர்கள்.

அந்தக் கபில நிறம் வெறும் புழுதி இல்லை. காற்றில் உள்ள ஓசோன் பட்டுப் பட்டு இறப்பரில் வெடிப்பு விழும். அதைத் தடுக்க 6பிபிடி என்ற பொருளைத் தொழிற்சாலையிலேயே இறப்பரோடு கலக்கிறார்கள். கூடவே கொஞ்சம் மெழுகும் உண்டு. வண்டி ஓடும்போது டயர் நெளிய நெளிய இவை உள்ளேயிருந்து மெல்ல மேலே வரும். வந்து, இறப்பரைத் தாக்க வேண்டிய ஓசோனைத் தாங்களே வாங்கிக்கொண்டு கபில நிறமாகிவிடும். ஆகவே அதைப் பழுது என்று நினைக்காதீர்கள். ஆனால் அதற்கு மேல் போன மாதத்துத் திரவமும், பிரேக் தூளும், நம்மூர் மணலும் படையாகப் பிடித்திருக்கின்றன. பாசி பிடித்த மதிலைச் சுரண்டாமல் பெயின்ற் அடிக்கிற மாதிரித்தான் நீங்கள் அடிப்பதும். திரவம் டயரில் ஒட்டவில்லை, ஊத்தையில் ஒட்டியிருக்கிறது.

வெயில் ஏறுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். சில்லு சில்லாகச் செய்யுங்கள். நாலையும் ஒரேயடியாக நனைத்தால் கடைசிச் சில்லுக்கு வருவதற்குள் சவர்க்காரம் காய்ந்துவிடும். முதலில் நல்ல தண்ணீர் அடியுங்கள். பிறகு வாகன உதிரிப்பாகக் கடைகளில் விற்கும் பொதுவான கழுவு திரவத்தை, போத்தலில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து பூசுங்கள். றிம்முக்கென்று விற்கும் அமிலத் திரவம் இதற்கு வேண்டாம். பிரஷ் கொஞ்சம் முரடாக இருக்கட்டும், உடுப்புத் தேய்க்கிற பிரஷே போதும். கார் கழுவும் மென்மையான ஸ்பொஞ்சால் டயரைத் தடவுவதும் ஒன்று, தடவாமல் விடுவதும் ஒன்று.

தேய்க்கும்போது நுரையைப் பாருங்கள். முதல் தடவை தேயிலைச் சாயம் போல் வடியும். கழுவிவிட்டு மறுபடி பூசித் தேயுங்கள், சாயம் வெளுக்கும். நுரை வெள்ளையாகவே நிற்கும்வரை விடக்கூடாது. நெடுநாள் கவனிக்காத டயர் என்றால் மூன்று நாலு தடவைகூட ஆகும். எழுத்துகளின் இடுக்கிலும், றிம்மை ஒட்டிய விளிம்பிலும்தான் பழைய எண்ணெய் ஒளிந்திருக்கும். நிலத்தோடு இருக்கும் பகுதிக்குக் கை போகாது. காரை அரைச் சுற்று உருட்டி அதையும் தேயுங்கள். கடைசியில் பழைய வெள்ளைப் பெனியனால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பெனியனில் கபில நிறம் ஏறினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் காயவிட வேண்டும். இதற்குத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை. ஈரத்தின் மேல் பூசினால் திரவம் திட்டுத்திட்டாக நிற்கும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் வெள்ளைக் கோடும் விழும். துவாயால் ஒற்றி எடுத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வாருங்கள்.

இனிக் கதவில் தெறிக்கும் புள்ளிக்கு வருவோம். நீங்கள் திரவத்தை டயரில் நேரே அடிக்கிறீர்கள், அதுவும் தேவைக்கு மேல். ஸ்பொஞ்சுத் துண்டில் கொஞ்சம் எடுத்து மெல்லிசாகப் பூசி, இடுக்கெல்லாம் தேய்த்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, காய்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். துடைத்தால் பளபளப்புப் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். துணியோடு வருவது எப்படியும் உங்கள் கதவுக்குப் போகவிருந்த பங்கு. இன்னும் கறுப்பு வேண்டுமென்றால் அதேமாதிரி மெல்லிசாக இரண்டாவது பூச்சு. பின்னேரம் பூசி, இரவு முழுக்க நிற்கவிட்டு, விடிய எடுத்தால் ஒரு புள்ளி தெறிக்காது. நேரே அடிப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. வீதியில் படும் பகுதியிலும் ஒரு சொட்டும் விழக்கூடாது.

போத்தல் பற்றிக் கேட்டதற்காகச் சொல்கிறேன். பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீரில் கரைத்தது. மினுக்கம் குறைவு, டயருக்குப் பாதகமில்லை, பெருமழையில் சீக்கிரம் போகும். எண்ணெய் மாதிரித் தெளிவாக, பெற்றோல் மணத்தோடு இருந்தால் கரைப்பான் கலந்தது. கண்ணாடி போல் மின்னும், மழைக்கும் தாங்கும். ஆனால் தூசியை இழுக்கும், திரும்பத் திரும்பப் பூசினால் இறப்பரும் காயும். சிலிக்கோன் இருந்தாலே கெடுதி என்று ஒரு கதை உலாவுகிறது. சிலிக்கோன் இரண்டிலும்தான் இருக்கிறது, கவனிக்க வேண்டியது கரைப்பானை. நான் வெள்ளைத் திரவத்தின் ஆள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மினுங்குகிற டயரை நிலாவெளி வீதியில் ஓட்டிப் பாருங்கள், மணல் பூசிய டயரோடு வீடு வருவீர்கள். எனக்குப் பளபளப்பை விடக் கறுப்புத்தான் வடிவு. நன்றாகக் கழுவிய டயரில் மழை இல்லாத நாட்களில் ஒரு வாரம், பத்து நாள் அந்தக் கறுப்பு நிற்கும். கார்த்திகை, மார்கழி மழைக்குள் பூசிக் காசைக் கரைக்காதீர்கள், கழுவினால் மட்டும் போதும்.

(நாய் வந்து காலைத் தூக்கினால் என்ன செய்வது என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். கேற்றைப் பூட்டுங்கள்.)

கேள்வி: தேங்காயெண்ணெயும் டீசலும் கலந்து மோட்டார் சைக்கிள் டயருக்குப் பூசினால் நல்ல கறுப்பாக இருக்கும் என்று கூட்டாளி சொல்கிறான். பூசலாமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: கூடாது. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்புகிற வண்டி. சாயும்போது டயரின் ஓரம்தான் வீதியைப் பிடிக்கும். அந்த ஓரத்தில் எண்ணெய் இருந்தால் நீங்கள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். மோட்டார் சைக்கிள் டயருக்குக் கடைத் திரவம்கூட வேண்டாம், சவர்க்காரமும் பிரஷும் போதும். டீசல், மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில் எல்லாம் இறப்பருக்குள் ஊறி அதை வீங்க வைத்து இளக்கிவிடும். காருக்கும் இதே பதில்தான். தேங்காயெண்ணெய் விற்கிற விலைக்கு அதைக் குசினியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். பளபளப்புத் திரவத்துக்குச் செலவழிக்க வசதி இல்லை. வண்டி பார்வையாக இருந்தால்தானே ஆட்கள் ஏறுவார்கள்? செலவு குறைந்த வழி இருந்தால் சொல்லுங்கள் அண்ணை.
— வாசகி, சாம்பல்தீவு

பதில்: இருக்கிறது தங்கச்சி. பார்மசியில் கிளிசரின் சின்னப் போத்தல் வாங்குங்கள். ஒரு பங்கு கிளிசரினுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, கழுவிக் காய்ந்த டயரின் பக்கவாட்டில் ஸ்பொஞ்சால் மெல்லிசாகத் தடவி, பிறகு துடைத்துவிடச் சொல்லுங்கள். இறப்பருக்குக் கேடு இல்லை. கூடத் தடவினால் பிசுபிசுத்துப் புழுதி பிடிக்கும். தண்ணீரில் கரைகிற சாமான் என்பதால் ஒரு மழைக்குப் போய்விடும், திரும்பத் தடவலாம். கழுவுவதற்குக் குசினியில் பாத்திரம் கழுவுகிற திரவமே போதும், தேய்ப்புத்தான் கொஞ்சம் கூட வேண்டும். மூன்று சில்லுத்தானே!

கேள்வி: பழைய வான் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். டயர் நாலும் கன்னங்கறுப்பாக மின்னுகின்றன. புது டயர் என்கிறார் விற்பவர். நம்பலாமா?
— வாசகர், பாலையூற்று

பதில்: மினுக்கத்தை நம்பாதீர்கள், இலக்கத்தைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.ரி. (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு வரிசை போகும். அதன் முடிவில் நாலு இலக்கம் தனியாக இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது, பேசாமல் வீட்டுக்கு வாருங்கள். சில டயர்களில் இந்த இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளியே காணவில்லையென்றால் வானுக்குக் கீழே குனிந்து உட்பக்கம் பாருங்கள்.

ஈரத்துணியில் சவர்க்காரம் போட்டு ஒரு இடத்தைத் தேய்த்துப் பார்க்கவும் கேளுங்கள். பூச்சுப் போனதும் மயிரிழை வெடிப்புகள் தெரியும். வீதியில் படும் பகுதியிலுள்ள தவாளிப்புப் பள்ளங்களின் அடியிலும், றிம் ஓரத்திலும் டோர்ச் அடித்துப் பாருங்கள். டயர் ஐந்து வருடம் கடந்தால் ஆண்டுக்கு ஒரு தடவையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருடமானால் தவாளிப்பு மிச்சமிருந்தாலும் கழற்றிவிடுவது நல்லது. வீட்டு முற்றத்தில் வெயிலில் நின்ற வானுக்குத் தவாளிப்புத் தேயாது, இறப்பர் மட்டும் கிழமாகிவிடும். தேய்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் நாலு டயர் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: படகு இழுக்கும் பிக்கப்பைக் கடல் தண்ணீருக்குள் இறக்க வேண்டியிருக்கிறது. டயர் பழுதாகுமா?
— வாசகர், நிலாவெளி

பதில்: டயர் தாங்கும். துருப்பிடிப்பது பிரேக்கும், சில்லு நட்டும், றிம்மின் உட்பக்கமும். கரையேறிய அன்றே நல்ல தண்ணீரை உட்பக்கமாக அடித்துக் கழுவி, வெறும் வீதியில் கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் பிடித்துக் காயவிடுங்கள்.