காணி உறுதியை அலுமாரியிலேயே வையுங்கள்

போன கிழமை பரந்தனிலிருந்து ஒரு அம்மா மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். கையில் வயல்காணி உறுதி. பிள்ளைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கனடா மாமாவோ, "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறாள்? கொழும்பில காசு கட்டி பிஸ்னஸ் படிக்கட்டும்" என்கிறாராம்.

அம்மா, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனாலும் அந்த உறுதியை ஈடு வைக்கக் கூடாது. கலைப்பீடத்தில் கற்பித்தல் கட்டணம் இல்லை, தகுதியிருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. கொழும்புக் கடனுக்கு வட்டி கட்டப் போவது மாமா இல்லை, நீங்கள்.

பிள்ளையிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். ஒரு கொப்பியை நீட்டினாள். டியூசனுக்குப் போகும் வழியில், கிளிநொச்சியில் போரில் சாய்ந்த தண்ணீர்த் தாங்கியடியில் நின்று எழுதியது. "பஸ்ஸில் வந்தவர்கள் செல்பி எடுத்தார்கள். விளக்கப் பலகையை வாசித்தவர் ஒருவர். ஒரு அம்மம்மா தாங்கியைத் தொட்டுப் பார்த்தார், படம் எடுக்கவில்லை."

இது சமூகவியலில் சுற்றுலா ஆய்வு. பயணிக்கு அசல் என்று காட்டப்படுவதே மேடையேற்றியதாக இருக்கலாம் என்று சமூகவியலாளர் டீன் மக்கானல் 1973இல் எழுதினார். எதைப் பார்ப்பது என்று நம் கண்ணை முன்கூட்டியே பழக்கிவிடுகிறார்கள் என்றார் இன்னொரு சமூகவியலாளர் ஜோன் உர்ரி, 1990இல். எல்லாவற்றையும் ஒரே கதையால் விளக்கிவிடும் பெருங்கதையாடல்களை நம்ப முடியாத நிலையே பின்நவீனம் என்றார் பிரெஞ்சு மெய்யியலாளர் லியோத்தார், 1979இல். இதையெல்லாம் தாங்கியடியில் வைத்துப் பாருங்கள். பலகை சொல்வது ஒரு கதை. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவருக்கு வேறு கதை. 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு அது படமெடுக்கும் இடம். எந்தக் கதை பலகையில் ஏறுகிறது, எது ஏறவில்லை என்று கேட்பதுதான் ஆய்வு.

அசல் என்று ஒன்றில்லை எனத் தெரிந்தே விளையாட்டாக ரசிக்கும் 'பின்-சுற்றுலாப் பயணி' பற்றி எழுத்தாளர் மாக்சின் பைஃபர் 1985இல் எழுதினார். சனம் செத்த மண்ணில் அந்த விளையாட்டு செல்லுமா? செல்லாது என்றே நினைக்கிறேன். அதை வாதாடி எழுத இந்தப் பிள்ளையால் முடியும். சமூகவியலைச் சிறப்புக்கலையாக எடுத்தால் இறுதி வருட ஆய்வேட்டுக்கு விஷயம் இப்போதே கையில் இருக்கிறது.

வேலை உடனே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் வழிகாட்டி உரிமம், ஆய்வு உதவியாளர் வேலை, ஆசிரியத் தொழில் எல்லாம் திறந்திருக்கும். இந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் உண்டு. அதனால் ஆங்கில வகுப்புக்கு மட்டும் காசு செலவழியுங்கள்.

சரி, மாமாவின் இலக்கத்தைத் தாருங்கள். நான் கதைக்கிறேன்.