மார்கழி விடியலில் கார் இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட வேண்டுமா?

கேள்வி: மண்டபத்தில் கடலுக்கு அருகில் குடியிருக்கிறோம். பத்து ஆண்டுகளுக்கு மேலான டீசல் கார் வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மனைவியை ராமநாதபுரம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பனிக்காலம் என்பதால் இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகே கிளம்புகிறேன். அப்படியும் முன்கண்ணாடி வெள்ளையாக மறைத்துக்கொள்கிறது. துடைத்தால் இன்னும் மங்குகிறது. பொங்கல் முடிந்து உதகையில் உள்ள மகள் வீட்டுக்கு இதே காரில் போகிறோம். அதற்குக் 'குளிர்காலத் தயாரிப்பு' என்று ஒருவர் 14,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கால் மணி நேரம் ஓடவிடுவதையும் நாளை முதல் நிறுத்திவிடுங்கள்.

இன்ஜினை நின்ற இடத்திலேயே சூடாக்கும் பழக்கம் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், குளிரில் அந்தக் கலவையைக் கூட்டும் சோக்கும் இருந்த அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் வந்தது. அந்தக் கார்கள் சூடேறாமல் கிளப்பினால் வழியிலேயே அணைந்துவிடும் என்பதால் அப்போது அதற்குப் பொருள் இருந்தது. உங்கள் காரில் எவ்வளவு டீசல் தேவை என்பதைக் கணினியே அளந்து கொடுக்கிறது. மேலும், மார்கழியிலும் மண்டபத்தில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இன்ஜினுக்கு அது குளிரே அல்ல. சாவியைத் திருப்பியதும் சுருள் வடிவில் எரியும் ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுத்து, ஸ்டார்ட் செய்து, அரை நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள். வேதாளை தாண்டும் வரை மிதித்து ஓட்டாமல் மிதமாகச் சென்றால் போதும். நிற்கும்போது இன்ஜின் மெதுவாகத்தான் சூடேறும். சூடேறாத இன்ஜினில் டீசல் முழுமையாக எரியாமல் கரியாகப் படிகிறது, அதில் ஒரு பங்கு ஆயிலிலும் கலக்கிறது. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மூன்று பக்கமும் அடைத்த ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு நோயாளியை உள்ளே உட்கார வைப்பது ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

உங்கள் உண்மையான தொல்லை கண்ணாடிதான். அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே ஓட்டுநர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் விரலால் கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. விழாவிட்டால் ஈரம் வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்து மற்றதற்கு நஞ்சு.

உள்ளே படிவது உங்கள் இருவரின் மூச்சுக்காற்றில் உள்ள ஈரம். அதற்கு, உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து வெளிக்காற்று வரும்படி வைத்து, காற்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்பி, ஏசியைப் போடுங்கள். 'மனைவிக்குக் குளிர் ஆகாதே' என்பீர்கள். ஏசி ஓடும்போதே வெப்பநிலைத் திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பலாம். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் அதே காற்றைச் சூடாக்கி அனுப்பும். ஏசி என்றாலே சில்லென்றுதான் வரும் என்று நினைத்து இந்த இரண்டையும் யாரும் ஒன்றாகப் போடுவதில்லை. இன்ஜின் நீர் சூடேறும் வரை முதல் சில நிமிடங்கள் வெப்பம் வராது என்பது மட்டுமே குறை. அதுவும் ஓடும் காரில் விரைவாகத் தீரும்.

வெளியே படிவது நம் கடற்கரைக்கே உரிய வில்லங்கம். கடல் ஈரம் நிறைந்த காற்று வெளியே நிற்கிறது. நீங்கள் உள்ளிருந்து குளிர்ந்த காற்றைக் கண்ணாடியின் மேல் பாய்ச்சுகிறீர்கள். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலக் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்க்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஏசியை இன்னும் கூட்டுகிறார்கள், இன்னும் மறைக்கிறது. இந்த நிலையில் செய்ய வேண்டியது, காற்றைக் கண்ணாடியிலிருந்து காலடிக்குத் திருப்பி, குளிரைக் குறைத்து, வைப்பரை ஓரிரு முறை போடுவதுதான். ஓட்டுநர் தேர்வில் எட்டுப் போடச் சொல்கிறார்கள், பின்னுக்கு எடுக்கச் சொல்கிறார்கள். கண்ணாடி மறைத்தால் எந்தப் பொத்தானைத் தொடுவாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. காரோடு வரும் கையேட்டில் இது இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இத்தனை கார்களை விற்பவர்களுக்குத் தமிழில் இருபது பக்கம் அச்சடிப்பது அவ்வளவு பெரிய பாரமா என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

துடைத்தால் மேலும் மங்குகிறது என்கிறீர்களே, அது உப்பு. வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு இரவெல்லாம் கண்ணாடியில் படிந்து, காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக் கூழாகிறது. உலோகத்தைக் கடற்காற்று எப்படி அரிக்கிறது என்று பார்க்க, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் சோதனை நிலையம் அமைத்ததே உங்கள் மண்டபத்தில்தான் என்றால், உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று யோசியுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு பரவும், கண்ணாடியிலும் கீறல் விழும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றிக் கழுவிய பின் துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உவர். வைப்பர் ரப்பரையும் அதே தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை வழித்துவிடுங்கள்.

உதகைக்கு வருவோம். டிசம்பர், ஜனவரியில் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிப் பகுதிகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழும் போகும். காலையில் கண்ணாடி மேல் வெள்ளையாக உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். வைப்பரையும் போடாதீர்கள், ஒட்டியிருக்கும் ரப்பர் கிழியும், மோட்டார் திணறும். இரவே கண்ணாடியை அட்டையாலோ கனத்த துணியாலோ மூடிவிடுங்கள். மறந்துவிட்டால், இன்ஜினை ஓடவிட்டு வெப்பக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். ஓடவிட்டுக் காத்திருக்க நான் அனுமதிக்கும் ஒரே இடம் இதுதான், அதுவும் திறந்த வெளியில்.

இனி அந்த 14,000 ரூபாய். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மெக்கானிக்குகளே அல்லர்; வண்டியைப் பட்டறைக்குக் கூட்டிவந்து கமிஷன் வாங்குபவர்கள். ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்கும் மாற்ற வேண்டும், இன்ஜினை உள்ளே கழுவி ஃப்ளஷ் செய்ய வேண்டும், டீசலில் ஒரு மருந்து ஊற்ற வேண்டும், ரேடியேட்டரில் 'மலைக்கான கூலன்ட்' என்ற திரவம் போட வேண்டும் என்பார்கள். ஹீட்டர் பிளக்கைக் கழற்றாமலே மீட்டர் வைத்து ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். ஓரிரு ஓம் காட்டினால் நன்றாக இருக்கிறது, ஒன்றுமே காட்டாவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். மலைக்கென்று தனிக் கூலன்ட் கிடையாது. கூலன்டும் சுத்திகரித்த தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. உதகை அதற்கு விளையாட்டு.

ஆனால் கூலன்டில்தான் என் பயம். ஒரு வாடிக்கையாளர் வேறொரு பட்டறையில் 'புது கூலன்ட்' போட்டுக்கொண்டு எட்டு மாதத்தில் என்னிடம் வந்தார். ரேடியேட்டரைத் திறந்தால் பச்சைச் சாயம் கலந்த போர் தண்ணீர்; குழாய்களில் சுண்ணாம்புபோல் உப்புப் படிந்து, தண்ணீர் பம்பு அரித்துப்போயிருந்தது. நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. முத்திரையோ கலவை அளவோ இல்லாத கேன்களைத் தெருக்கடைகளில் விற்பதைத் தடுக்க வேண்டியவர்கள் தடுப்பதும் இல்லை. ஆகவே நீங்களே முத்திரை உடைக்காத கேனையும், பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் தண்ணீரையும் வாங்கிக் கொடுத்து, இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, கண்ணெதிரே ஊற்றச் சொல்லுங்கள். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைத் தூளைச் சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, உலர்ந்ததும் வாசலின் தடவச் சொல்லுங்கள். உதகைக் குளிரில் பேட்டரியின் வலு குறையும், அப்போது இந்தத் தூளும் சேர்ந்தால் வண்டி கிளம்பாது. உதகைக்கு வண்டியில் வர 2024 மே மாதம் முதல் இருக்கும் இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டையும் அதே ஆள் காசுக்கு எடுத்துத் தருவதாகச் சொல்வார். அது அரசு இணையதளத்தில் இலவசம், உங்கள் மகளே கைபேசியில் எடுத்துத் தருவார்.