கானா விசா: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

தேமா துறைமுகத்தில் ஒன்பது வருடம் கிளியரிங் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர அக்ராவின் கொடோகா விமான நிலைய வாசலில் காத்துக் கிடந்ததுதான் இந்தப் பதில்களுக்கு என் தகுதி. நான் அதிகாரியும் இல்லை, ஏஜென்டும் இல்லை. கட்டணமும் படிவமும் அடிக்கடி மாறும். அதை மட்டும் டெல்லி கானா ஹைகமிஷனின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கேளுங்கள் என்றேன், வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருப்பூர்: அண்ணா, பனியன் ஆர்டர் பேச பத்து நாள் அக்ரா போகிறேன். இறங்கியதும் விசா வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். நிஜமா?

அதை நம்பிக் கிளம்பாதீர்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கையில் விசா வேண்டும். இல்லாவிட்டால் சென்னை கவுண்டரிலேயே போர்டிங் பாஸ் தர மாட்டார்கள். நண்பர் சொல்வது அவசர நுழைவு விசாவாக இருக்கும். அங்கே உங்களை அழைக்கும் கம்பெனி, கானா குடிநுழைவுத் துறையிடம் முன்கூட்டியே மனுப் போட்டு அனுமதிக் கடிதம் வாங்கி உங்களுக்கு அனுப்ப வேண்டும். நேரமே இல்லாதவனுக்கான வழி அது. உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறதே, டெல்லிக்கே போடுங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், போட்டோ, போகவர டிக்கெட் பதிவு, தங்குமிட விவரம், வங்கிக் கணக்கு அறிக்கை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. இவற்றோடு அழைப்புக் கடிதம். கடிதம் எழுதுகிறவர் கானாக்காரர் என்றால் அவருடைய அடையாள நகலும், அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர் என்றால் அவருடைய ரெசிடென்ஸ் பர்மிட் நகலும் கூடவே இருக்கட்டும். எனக்குத் தெரிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டது பெரும்பாலும் இந்த நகல் இல்லாமல்தான். கடிதத்தில் உங்கள் செலவு யாருடையது என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்க வேண்டும்.

தூத்துக்குடி: கப்பல் ஏற வியாழக்கிழமை கானாவின் தக்கோராதி துறைமுகத்தில் இருக்க வேண்டும். இன்று சனி. மஞ்சள் காய்ச்சல் ஊசி திங்கட்கிழமை போட்டுக்கொண்டால் போதுமா?

போதாது தம்பி. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். அட்டையிலேயே அந்தத் தேதியை எழுதித்தான் தருவார்கள், அதனால் மழுப்பவும் முடியாது. இன்றைக்கே கம்பெனிக்கு எழுதி, அடுத்த துறைமுகத்தில் ஏற முடியுமா என்று கேளுங்கள்.

இந்த ஊசியைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட எல்லோரிடமும் கானா இதைக் கேட்கிறது. கொடோகாவில் குடிநுழைவு வரிசைக்கு முன்னாலேயே சுகாதாரத் துறை மேஜை இருக்கும். விசாவைப் பார்க்கிறவரிடம் போவதற்கு முன்பே மஞ்சள் அட்டையை நீட்ட வேண்டும்.

திரும்பி வரும்போதும் அதே அட்டைதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் நம் ஆட்களும் கேட்பார்கள். இல்லை என்றால் அந்த ஆறு நாள் கணக்கு முடியும் வரை தனிமையில் வைப்பார்கள். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. அந்தப் பயம்தான். இலங்கையும் இதே அட்டையைக் கேட்கிறது.

ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகம். தூத்துக்குடியிலும் துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது. நினைத்த நாளில் போய் நிற்க முடியாது. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். அதனால் ஆள் சேர்த்துக் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள். ஆக, டிக்கெட் தேதிக்குப் பத்து நாள் முன்னால் என்று எண்ணாமல் ஒரு மாதம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அட்டையில் பத்து வருடம் என்று போட்டிருக்கிறதே என்று இருவர் கேட்டிருந்தீர்கள். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய அட்டைகளுக்கும் சேர்த்துத்தான். மறுபடி குத்திக்கொள்ள வேண்டாம்.

திருச்சி: மகள் அக்ராவில் இருக்கிறாள், பிரசவத்துக்குப் போக வேண்டும். எனக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. ஊசி போட்டுக்கொள்ளலாமா?

அம்மா, இதற்கு நான் ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. இது உயிருள்ள, பலவீனப்படுத்திய வைரஸால் செய்த ஊசி. அறுபதைத் தாண்டியவர்கள் முதல் தடவை போடும்போது கடுமையான பக்கவிளைவு அரிதாக வருவதுண்டு. அதனால்தான் டாக்டர் முதலில் பார்க்க வேண்டும். முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை, தைமஸ் சுரப்பிக் கோளாறு ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

போடக்கூடாது என்று டாக்டர் முடிவெடுத்தால், ஊசி மையத்திலேயே மருத்துவ விலக்குச் சான்று கேளுங்கள். விசா மனுவோடு அதை வைத்து, ஏற்றுக்கொள்கிறார்களா என்று ஹைகமிஷனிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் அந்தச் சான்று இருந்தும் தனிமைப்படுத்த வாய்ப்புண்டு. கிளம்பும் முன்பே விமான நிலைய சுகாதார அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அதற்குப் பாஸ்போர்ட் எடுக்கும் வேலை அக்ராவில் உள்ள இந்திய ஹைகமிஷனில். அது தனிக் கதை, மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார்.

மதுரை: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கிறது. டிக்கெட்டில் பெயர் மாறி விழுந்திருக்கிறது, ஊசி அட்டையில் இனிஷியல்தான் இருக்கிறது. சிக்கலா?

சிக்கல்தான். நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் சிக்கல்! எனக்கே நடந்தது. ஊசி போட்ட இடத்தில் எழுதியவர் பழக்கதோஷத்தில் இனிஷியல் போட்டுப் பெயரை எழுதிவிட்டார். நானும் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். கொடோகா சுகாதார மேஜையில் இருந்த அம்மையார், 'இந்த ஒற்றை எழுத்து யார்?' என்று கேட்டார். என் அப்பா என்றேன். 'அவர் எங்கே?' என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், நான் ஒரு மணி நேரம் ஓரமாக நின்றேன்.

அட்டை, டிக்கெட், அழைப்புக் கடிதம், ஹோட்டல் பதிவு நான்கிலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அட்டையில் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் பிசகினாலும் எண் காப்பாற்றும்.

சேலம்: மூன்று மாத விசா கொடுத்தார்கள். இறங்கியபோது முப்பது நாள்தான் முத்திரை குத்தினார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை. விசாவில் இருக்கும் மூன்று மாதம், அதற்குள் போய் இறங்கிவிட வேண்டும் என்ற கெடு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை எழுதுகிறவர் கவுண்டரில் இருக்கும் அதிகாரி. வழக்கமாக முப்பது, கூடினால் அறுபது. உங்கள் அழைப்புக் கடிதத்தில் 45 நாள் என்று இருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். முத்திரை குத்துவதற்கு முன் கேட்டால் கிடைக்கும், குத்தியபின் கேட்டால் 'அக்வாபா' என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். நல்வரவு என்று அர்த்தம்.

நாள் போதவில்லை என்றால், முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அக்ரா குடிநுழைவுத் துறையில் நீட்டிப்புக்கு மனுப் போடுங்கள். முடிந்தபின் போனால் அபராதம்.

திருச்செங்கோடு: போர்வெல் ரிக்கில் டிரில்லர் வேலை. ஏஜென்ட் விசிட் விசாவில் அனுப்புகிறேன், பர்மிட் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். பாஸ்போர்ட் வேறு ஈ.சி.ஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை).

ஈ.சி.ஆர் பற்றிக் கவலை வேண்டாம். குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளில் கானா இல்லை. ஆனால் அதுவே உங்களுக்குப் பாதகமும்கூட. வளைகுடாவுக்குப் போகிறவனுடைய ஒப்பந்தத்தை அரசு ஒரு தடவையாவது பார்க்கும், உங்களுடையதை யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்களேதான் பார்க்க வேண்டும்.

விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டப்படி குற்றம். பிடித்தால் ஏஜென்ட் ஊரில் இருப்பார், நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். முறையான வழியில் கம்பெனிதான் வேலை அனுமதியும் ரெசிடென்ஸ் பர்மிட்டும் எடுக்க வேண்டும். ஒரு கம்பெனி எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக் கோட்டா உண்டு. 2013 முதலீட்டுச் சட்டப்படி, ஐம்பதாயிரம் டாலரிலிருந்து இரண்டரை லட்சம் வரை முதல் போட்ட கம்பெனிக்குத் தானாகக் கிடைப்பது ஒரே ஒரு இடம். ஏழு லட்சத்தைத் தாண்டினால் நான்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாக மனுப் போட்டு வாங்க வேண்டும். ஆக, ஏஜென்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'எந்தக் கம்பெனியின் கோட்டாவில் என் பெயர்?' பதில் சுற்றி வளைத்து வந்தால் பணம் கட்டாதீர்கள்.

கும்பகோணம்: அக்ராவில் தங்கம் பாதி விலைக்குக் கிடைக்கும், பிசினஸ் விசா எடுத்து வாருங்கள் என்கிறார் ஆன்லைனில் பழகிய ஒருவர்.

ஐயா, தங்கம் விளையும் ஊரிலும் தங்கத்துக்கு உலக விலைதான். பாதி விலை என்று ஒருவன் சொன்னால் அது தங்கம் இல்லை, அல்லது அவன் கையில் இல்லை. முதலில் ஒரு சிட்டிகை நிஜப் பொடியைக் காட்டிச் சோதிக்க விடுவார்கள். அப்புறம் ஏற்றுமதி வரி, விமான நிலையக் கட்டணம், அதிகாரிக்குக் கொடுக்க என்று ஒவ்வொன்றாக முன்பணம் கேட்பார்கள். நகைக்கடைக்காரர் ஒருவரை அக்ரா ஹோட்டலில் இந்த நிலையில் பார்த்திருக்கிறேன். திரும்பிப்போக டிக்கெட் காசும் மிஞ்சவில்லை.

இப்போது சட்டமும் மாறிவிட்டது. 2025இல் கானா தங்க வாரியம் என்று ஒன்றை அமைத்து, சிறு சுரங்கங்களின் தங்கத்தை வாங்குவதையும் ஏற்றுமதி செய்வதையும் அதன் கையில் கொடுத்துவிட்டார்கள். உள்ளூர்ச் சந்தையில் தங்கம் வாங்கிவிற்ற வெளிநாட்டவர்கள் 2025 ஏப்ரல் 30க்குள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். உங்கள் பிசினஸ் விசா அங்கே எதற்கும் உதவாது.

புதுச்சேரி: அக்ராவிலிருந்து டோகோ தலைநகர் லோமே பக்கம்தானே, ஒரு நாள் போய்விட்டு வரலாமா? பிரெஞ்சு தெரியும்.

பக்கம்தான். அஃப்லாவோ எல்லையைத் தாண்டினால் லோமே நகரமே வந்துவிடும். அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. ஒருமுறை நுழைவு விசா வைத்துக்கொண்டு டோகோவுக்குள் கால் வைத்தால் கானா விசா தீர்ந்தது. திரும்ப நுழைய முடியாது, உங்கள் பெட்டி மட்டும் அக்ரா ஹோட்டலில் இருக்கும். முதலிலேயே பலமுறை நுழைவு விசா கேளுங்கள். டோகோவுக்குத் தனியாக ஆன்லைன் விசாவும் வேண்டும். உள்ளூர்க்காரர்கள் கூடையோடு சும்மா நடந்து போவதைப் பார்த்து மயங்காதீர்கள். அவர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு நாட்டவர்கள், விசா இல்லாமலே தொண்ணூறு நாள் இருக்கலாம். ஐவரி கோஸ்ட்டின் இ-விசா அபிஜான் விமான நிலையத்துக்கு மட்டும்தான், எலுபோ எல்லை வழியாகத் தரையில் போகிறவர்களுக்கு அது ஆகாது.

கோவை: மருமகன் லாகோஸ் போகிறான். இதெல்லாம் நைஜீரியாவுக்கும் பொருந்துமா?

மஞ்சள் அட்டை பொருந்தும். மற்றது வேறு. அங்கே 2025 மே மாதத்திலிருந்து குறுகிய பயணத்துக்கு இ-விசா, இறங்கியதும் தரும் விசாவை நிறுத்திவிட்டார்கள். வேலைக்கு என்றால் எஸ்.டி.ஆர் (STR) என்ற வேலை விசாவில் போய் அங்கே செர்பாக் (CERPAC) என்ற குடியிருப்பு அனுமதி அட்டை எடுக்க வேண்டும். கம்பெனி வேறு ஏதாவது வழி சொன்னால் சந்தேகப்படச் சொல்லுங்கள்.

ஈரோடு: பெட்டியில் எதை வைக்கக் கூடாது?

ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட கார்கோ பேன்ட், தொப்பி, குழந்தைச் சட்டை எதுவும் வேண்டாம். சாதாரண ஆள் அந்த உடை போடுவது கானாவில் சட்டவிரோதம். பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். டாலர் கொண்டுபோனால் புதிய நூறு டாலர் நோட்டாக இருக்கட்டும், சின்ன நோட்டுக்கு மாற்றுக்கடையில் விலை குறைத்துக் கொடுப்பார்கள். மலேரியா மாத்திரையைக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், அங்கே போய்த் தேட வேண்டாம். புளிக்காய்ச்சல் வைத்துக்கொள்ளலாம், கைப்பையில் இல்லை, செக்-இன் பெட்டியில்.