புதிதாக வட்டவிதானையானவர் (வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளர்) தண்ணீர்ச் சண்டையை எப்படிச் சமாளிப்பது?

மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் (கோடைகால நெற்செய்கை) செய்யும் வட்டை, அதாவது வயல்வெளி, என்றால் சண்டை பெரும்பாலும் கடைசி வயலில்தான் தொடங்கும். மதகுக்குப் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் மதகடிக்காரர் இரவில் வாய்க்காலை வெட்டிவிடுவார். விடியும்போது கடைசிக்காரருக்கு ஈரம்கூட இராது.

தண்ணீர் விடும் முறையைக் கடைசி வயலிலிருந்து மேல்நோக்கிப் போடுங்கள். அதற்கு முன் வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும், புல் மண்டிக் கிடந்தால் தண்ணீர் அங்கே போய்ச் சேராது. ஏக்கருக்கு எத்தனை மணித்தியாலம் என்பதை ஆரம்பக் கூட்டத்திலேயே பேசி, கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் மச்சானின் வயலுக்கு முந்திக் கொடுத்தால் அன்றோடு உங்கள் பேச்சு எடுபடாது.

இரவில் வரம்பில் நின்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், மண்வெட்டி கையிலிருக்கும் இடமது. வாய்க்காலில் வெட்டிய இடத்தை அடைத்துவிட்டு, விடிந்ததும் இருவரையும் அங்கேயே கூட்டிப்போய்க் கேளுங்கள். இரவு அழைப்புகளை ஒருநாள் விட்டு ஒருநாள் இன்னொருவர் எடுக்கட்டும், நீங்களும் தூங்க வேண்டுமே.