90 கிலோ பெட்டிக்கு 135 கிலோ கட்டணம் ஏன்? சரக்கு விமானமும் சார்ட்டரும்

கேள்வி: கோவையில் நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. அகமதாபாத்தில் ஒரு மில்லில் கியர்பாக்ஸ் உடைந்து ஓட்டம் நின்றுபோனதால், மாற்று கியர்பாக்ஸை உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் மூலம் பயணிகள் விமானத்தில் அனுப்பினோம். மரப்பெட்டியோடு எடை 90 கிலோ. பில் வந்ததோ 135 கிலோவுக்கு. சரக்கும் ஒரு நாள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை புளூடார்ட் போன்ற நிறுவனத்தின் சரக்கு விமானத்தில் அனுப்புவதா, அல்லது ஏஜென்ட் சொல்வதுபோல் தனி விமானமே சார்ட்டர் எடுப்பதா?

பதில்: முதலில் பில்லைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் அதில் தவறு எதுவும் இல்லை. உங்கள் பெட்டியின் அளவு 120 × 80 × 70 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் பெருக்கினால் 6,72,000 கன சென்டிமீட்டர். உங்கள் ஏஜென்ட் செய்ததுபோல் அதை 5000ஆல் வகுத்தால் 134.4 கிலோ, முழு எண்ணாக்கினால் 135 கிலோ வரும். இதுதான் வால்யூமெட்ரிக் வெயிட், அதாவது பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிய கணக்கு. இதையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவது விமானச் சரக்கில் எங்கும் உள்ள நடைமுறை. கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000ஆலும் விமான நிறுவனங்கள் 6000ஆலும் வகுக்கின்றன என்பதால், முன்பதிவு செய்யும்போதே எந்த எண் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அளவை எடுப்பவர் டேப்பைப் பெட்டியின் வெளி விளிம்பில், அடியில் அடித்த ஸ்கிட் கட்டையையும் சேர்த்துத்தான் வைப்பார். அதே கியர்பாக்ஸை 100 × 70 × 60 பெட்டியில் அடக்க முடிந்திருந்தால் வால்யூமெட்ரிக் வெயிட் 84 கிலோதான் வந்திருக்கும். நீங்கள் 90 கிலோவுக்கு மட்டும் கட்டியிருப்பீர்கள். கட்டணத்தைக் குறைக்க ஏஜென்ட்டிடம் பேரம் பேசுவதைவிட உங்கள் தச்சரிடம் பேசுவது பலன் தரும்.

இனி தாமதம். பயணிகள் விமானத்தின் வயிற்றறையில், அதாவது இருக்கைத் தளத்துக்குக் கீழே உள்ள சுமை அறையில், முதல் உரிமை பயணிகளின் பெட்டிகளுக்கு. மிஞ்சிய இடமே சரக்குக்கு. கூட்டம் அதிகமான நாளிலோ, எடையைக் குறைத்துப் புறப்பட வேண்டிய வெயில் நேரத்திலோ, முதலில் கீழே இறக்கப்படுவது சரக்குதான். 737 ரக விமானத்தின் வயிற்றறைக் கதவு ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. உள்ளே ஆட்கள் குனிந்தபடி கையால்தான் அடுக்க வேண்டும். அங்கே 90 கிலோ மரப்பெட்டி என்பது யாரும் விரும்பி ஏற்றும் பொருள் அல்ல.

இந்தச் சிக்கலே இந்தியாவில் தனிச் சரக்கு விமான நிறுவனம் ஒன்று நிலைபெறக் காரணமாயிற்று. 1983இல் மும்பையில் மூன்று நண்பர்கள் தொடங்கிய புளூடார்ட், பிற நிறுவனங்களின் விமானங்களில் இடம் வாங்கித்தான் பொட்டலங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. எவ்வளவு சரியாகச் சேகரித்தாலும், விமானம் அடுத்தவர் கையில் இருக்கும்வரை ‘நாளைக் காலை சேர்ந்துவிடும்’ என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே 1994இல் புளூடார்ட் ஏவியேஷன் என்ற துணை நிறுவனத்தை உருவாக்கி, 1996இல் போயிங் 737-200 சரக்கு விமானங்களோடு பறக்கத் தொடங்கினார்கள். தாய் நிறுவனம் மும்பையில் இருந்தாலும், விமானப் பிரிவின் தலைமையிடம் நம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. 2004இல் தாய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை டிஎச்எல் என்ற பன்னாட்டு கூரியர் நிறுவனம் வாங்கியது. 2006இல், ஏறத்தாழ இருமடங்கு சுமை தூக்கும் 757-200 சரக்கு விமானங்கள் வரத் தொடங்கின.

757 விமானத்தின் உற்பத்தி 2004லேயே முடிந்துவிட்டது. பயணிகளை ஏற்றிப் பறந்து ஓய்ந்த விமானத்தை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, பக்கவாட்டில் சுமார் 3.4 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் உள்ள கதவை வெட்டிப் பொருத்திச் சரக்கு விமானமாக்குகிறார்கள். பழைய விமானத்தை ஏன் ஓட்டுகிறார்கள் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. சரக்கு விமானம் இரவில் சில மணி நேரமே பறக்கிறது. அவ்வளவு குறைவாகப் பறக்கும் விமானத்துக்குப் புதியது வாங்கிய கடனைக் கட்டி மாளாது என்பதே காரணம், பராமரிப்பு விதிகளில் எந்தச் சலுகையும் இல்லை.

இரவில் பறப்பதே இந்தத் தொழிலின் உயிர்நாடி. மாலையில் பட்டறைகள் மூடும் நேரத்தில் சேகரித்த சரக்கு, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத் போன்ற நகரங்களின் நிலையங்களில் எக்ஸ்ரே சோதனை முடிந்து பாலெட்டுகளில், அதாவது சரக்கை அடுக்கிக் கட்டி அப்படியே விமானத்தில் ஏற்றும் தட்டுகளில், அடுக்கப்படுகிறது. நள்ளிரவை ஒட்டிப் பறந்து, விடிவதற்குள் இறங்கி, காலை வண்டிகளில் ஏறிவிடுகிறது. கோவைச் சரக்கு அந்தப் பாலெட்டை எட்ட முதலில் சாலை வழியே பெங்களூருக்கோ சென்னைக்கோ போயாக வேண்டும். எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, விமானம் எப்போது புறப்படும் என்பதல்ல. கோவையில் எத்தனை மணிக்குள் ஒப்படைத்தால் அன்றிரவு விமானத்தைப் பிடிக்கும் என்பதுதான். இந்தக் கட்-ஆஃப் நேரத்தைப் பத்து நிமிடம் தவறவிட்டாலும் ஒரு முழு நாள் போய்விடும். உங்கள் அவசரப் பெட்டிக்கு என் பரிந்துரை இந்த வழிதான்: அகலமான கதவு, ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறும் பாலெட், உங்கள் சரக்கைக் கீழே இறக்கவைக்கும் பயணிகளின் பெட்டிகள் கிடையாது.

சார்ட்டர் என்பது வேறு கணக்கு. இரவு ஓட்டம் முடிந்து பகலில் நிற்கும் விமானத்தை முழுதாக வாடகைக்குத் தருவது சரக்கு விமான நிறுவனங்களுக்குக் கூடுதல் வருமானம். 2020இல் கோவிட் தீவிரமாக இருந்தபோது, குவாங்சோ, ஷாங்காய் நகரங்களிலிருந்து மருத்துவப் பொருட்களைக் கொண்டுவர புளூடார்ட் விமானங்கள் இப்படித்தான் பறந்தன. ஆனால் வாடகையில் நீங்கள் பார்க்கும் பயணம் மட்டும் அடங்காது: விமானம் நிற்கும் ஊரிலிருந்து உங்கள் ஊருக்குக் காலியாக வருவது, முடிந்ததும் காலியாகத் திரும்புவது, இறங்கு கட்டணம், நிறுத்தக் கட்டணம், விமானிகளின் பணி நேர வரம்பு எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். இருபது டன்னுக்கு மேல் ஏற்றும் விமானத்தில் 90 கிலோ பெட்டியை அனுப்புவது, ஒரு தேங்காய்க்கு லாரி பிடிப்பது போன்றது. மில் நிற்பதால் ஆகும் நஷ்டம் சார்ட்டர் வாடகையைத் தாண்டினால் மட்டுமே அதை யோசிக்கலாம். உங்கள் தொழிலில் அப்படி நேர்வது மிக அரிது.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. கியர்பாக்ஸைப் பிரித்து அனுப்ப முடியும் என்றால், ஒவ்வொரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டாமல் பார்த்து, உங்கள் ஃபிட்டர் ஒருவரையே பயணியாக அனுப்பி, கூடுதல் லக்கேஜாகக் கட்டணம் கட்டி எடுத்துப் போகச் சொல்லலாம். போய் இறங்கியதும் பொருத்தவும் ஆள் கையோடு இருக்கும்.

அடுத்து கண்ட்ரோல் பேனலும் அனுப்பப்போவதாக எழுதியிருப்பதால் ஓர் எச்சரிக்கை. அதில் லித்தியம் பேட்டரி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருவியில் பொருத்தாமல் தனியாகப் போகும் லித்தியம்-அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை உள்ளது; 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல், உரிய லேபிள் ஒட்டிச் சரக்கு விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். கியர்பாக்ஸில் எண்ணெய் மீதி இருந்தாலும் இதே கதைதான்: முழுக்க வடித்து, துடைத்து, ‘எண்ணெய் நீக்கப்பட்டது’ என்று பில்லிலும் பெட்டியின் மேலும் எழுதுங்கள். கசிந்த ஒரு சொட்டுக் கறையைப் பார்த்தாலே சோதனைக் கூடத்தில் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிடுவார்கள்.